ஐம்பத்தோராவது பிள்ளை

மாவட்டத்துக்கு நூறு பேர்: ஐம்பது மாணவர், ஐம்பது மாணவியர். டிரஸ்ட் தேர்வு என்று பள்ளிகளில் சொல்லப்படும் ஊரகத் திறனாய்வுத் தேர்வின் கணக்கு இவ்வளவுதான். கிராமப்புறத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் எழுதலாம். தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய்.

தூத்துக்குடிக் கடற்கரையில் இந்தக் கணக்கு கொஞ்சம் வினோதமாக வேலை செய்கிறது. தருவைகுளத்துப் பிள்ளை எழுதலாம், வேம்பார்ப் பிள்ளை எழுதலாம், மணப்பாட்டுப் பிள்ளை எழுதலாம். தெரேஸ்புரத்துப் பிள்ளை எழுத முடியாது. அப்பா சங்கு குளிக்கப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர் என்றாலும் தெரேஸ்புரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. இன்னொன்று: 2011 கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தில் 17.5 லட்சம் பேர், பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர். நகரங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் தூத்துக்குடிதான் பெரிது. ஆனால் இங்கேயும் நூறு, அங்கேயும் நூறு. பிள்ளை வினாத்தாளைத் திறப்பதற்கு முன்பே முகவரி பாதித் தேர்வை எழுதிவிடுகிறது.

நகரத்துப் பிள்ளைக்கும் ஒரு வருடம் முன்னதாகவே வருவது என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிப்பவர்களுக்கானது. நாடு முழுக்க ஒரு லட்சம் இடம். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. மற்ற மாநிலங்களில் திறமையான கிராமத்துப் பிள்ளைகளுக்கு நவோதயா பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைத் திறக்காத ஒரே மாநிலம் தமிழ்நாடு. அதனால் நம் ஊரில் ‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிற வாசல்கள் பெரும்பாலும் இந்த மாதிரித் தேர்வுகள்தான்.

டிரஸ்ட் தேர்வின் முடிவு வெளியாகிறது. ஐம்பதாவது பெயர் இருக்கிறது, ஐம்பத்தோராவது பெயர் இல்லை. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே என்ன வித்தியாசம்? அளவியல் சொல்லும் பதிலைக் கேட்டால் பெற்றோருக்குக் கோபம் வரலாம். பெரும்பாலும் ஒன்றுமே இல்லை.

அதைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடிக்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. இந்தக் கடலில் கடைசியாகப் பெரிய முத்துக் குளிப்பு நடந்தது 1961இல். அந்தக் காலத்தில் எந்தப் பாரில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டில், சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று தெரிந்தவுடனே ஆட்களை இறக்கிவிட மாட்டார்கள். முதலில் மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பார்கள். கரையில் அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கி, துளையின் அளவு படிப்படியாகக் குறைகிற சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். அனுபவமுள்ள வியாபாரிகள் விலை சொல்வார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பு வரும்; கட்டுபடியானால்தான் குளிப்பு. அந்த மதிப்பு பாரின் உண்மையான மதிப்பு அல்ல, கையில் வந்த சிப்பிகளின் மதிப்பு. நல்ல முத்தோ எல்லாச் சிப்பியிலும் வாய்ப்பதில்லை. கொஞ்சம் தள்ளி முங்கியிருந்தால் வேறு விலை வந்திருக்கலாம். ஆகவே வியாபாரி அந்த எண்ணை ஒரு மதிப்பீடாகத்தான் எடுத்துக்கொள்வார்.

தேர்வும் மாதிரி எடுப்பதுதான். என்.எம்.எம்.எஸ்.ஸில் மனத்திறன் பகுதிக்கு 90 கேள்வி, பாடப் பகுதிக்கு 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். மனத்திறனிலும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடங்களிலும் கேட்டிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான கேள்விகளில் 180 மட்டும் அன்றைக்கு வந்தன. அப்படிப்பட்ட கேள்விகளில் நூற்றுக்கு அறுபதைச் சரியாகச் செய்யக்கூடிய ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு வர வேண்டியது 108. ஆனால் வேறு வேறு 180 கேள்விகளாகத் தந்து அவளைப் பலமுறை எழுதவைத்தால், மூன்றில் இரண்டு முறை மதிப்பெண் ஏறக்குறைய 101க்கும் 115க்கும் இடையில் விழும். மீதி முறை அதற்கும் வெளியே. அவள் மாறவில்லை, அவளுடைய படிப்பும் மாறவில்லை. கேள்விகள் மாறின, அவ்வளவுதான். ஒரே தாளை எல்லோரும் எழுதினாலும் இந்த அதிர்ஷ்டம் போய்விடாது. முந்தின வாரம் படித்த பாடத்திலிருந்து நான்கு கேள்வி வந்தவளும், காய்ச்சலில் விடுப்பெடுத்த வாரத்துப் பாடத்திலிருந்து நான்கு வந்தவளும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இதன்மேல் ஊகமும் சேர்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். தப்புக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. இரண்டு பிள்ளைகளுக்குமே 140 கேள்விகளுக்கு விடை தெரியும், மீதி நாற்பதுக்குச் சுத்தமாகத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பேனாவால் ஏதோ ஒரு வட்டத்தை நிரப்புகிறார்கள். சராசரியாகப் பத்து சரியாகும். ஒருத்திக்கு 7 சரியாவதும் மற்றவளுக்கு 13 சரியாவதும் அபூர்வமான சங்கதி அல்ல, சாதாரணமாக நடப்பதுதான். ஒரே அறிவு, ஆறு மதிப்பெண் வித்தியாசம். கோட்டுக்குப் பக்கத்தில் ஆறு மதிப்பெண்ணுக்குள் எத்தனை பெயர் நெருங்கி நிற்கும் என்பது மதிப்பெண் பட்டியலைத் தயாரித்த எந்த வாத்தியாருக்கும் தெரியும்.

முதலிடத்துக்கும் ஆயிரமாவது இடத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது இருக்கிறது, தேர்வும் அதை ஓரளவு சரியாகவே காட்டுகிறது. தேர்வால் சொல்ல முடியாதது, நாம் எங்கே கோடு போடுகிறோமோ அந்த இடத்தைப் பற்றித்தான்.

வயதும் தன் பங்குக்கு விளையாடும். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி இருக்கலாம். கெல்லி பெடார்ட், எலிசபெத் டுவே என்ற இரு பொருளியலாளர்கள் பல நாட்டுத் தேர்வுத் தரவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். நான்காம் வகுப்பில் மூத்த பிள்ளைகளைவிட இளையவர்கள், நாட்டைப் பொறுத்து, நூற்றுமான வரிசையில் 4 முதல் 12 படி பின்தங்குகிறார்கள். எட்டாம் வகுப்புக்கு வந்தும் அது முழுதாக மறைவதில்லை, 2 முதல் 9 வரை நிற்கிறது. (தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொண்ட தலைமுறையின் பிறந்தநாளை வைத்து இந்த ஆராய்ச்சியை நம் ஊரில் செய்திருந்தால் என்ன வந்திருக்குமோ!)

சின்ன வயதில் கோடு போட்டால் இந்த ஆட்டமெல்லாம் இன்னும் பெரிதாகிறது. நியூயார்க் நகரம் பல ஆண்டுகள் நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்துத் தனித்திறன் வகுப்புகளில் சேர்த்தது. 2021இல் அந்தத் தேர்வைக் கைவிட்டு, ஆசிரியர் பரிந்துரையும் குலுக்கலும் என்ற முறைக்குப் போனது. குலுக்கல் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் இங்கே கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமாகும்போது எல்.கே.ஜி.க்குக் குலுக்கல்தான் நடக்கிறது. அங்கே சீட்டு கிடைக்காத பிள்ளையை யாரும் ‘மக்கு’ என்று சொல்வதில்லை. தேர்வில் நடக்கும் குலுக்கலுக்கு அந்த நாகரிகம் கிடையாது.

தேர்வு எவ்வளவு தவறவிடும் என்பதற்கு அறிவியலிலேயே ஒரு கதை உண்டு. 1921இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியாவில் அறிவுத்திறன் சோதனை வைத்து மேதைக் குழந்தைகளைப் பொறுக்கத் தொடங்கினார். சுமார் 1,500 பேர் தேறினார்கள். அவர்களை ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். அந்த 1,500 பேரில் யாருக்கும் நோபல் கிடைக்கவில்லை. சோதனையில் கோட்டுக்குக் கீழே நின்று விடுபட்ட இருவருக்குக் கிடைத்தது: டிரான்சிஸ்டருக்காக 1956இல் வில்லியம் ஷாக்லிக்கு, துகள் இயற்பியலுக்காக 1968இல் லூயிஸ் அல்வாரெஸுக்கு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோட்டின் இரு பக்கமும் நிற்பவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பிள்ளைகள் என்றால், அது ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்த புதையல். யாரும் திட்டமிடாமலே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. ஒரு பிள்ளைக்குச் சலுகை கொடுத்தாயிற்று, அவளைப் போன்ற இன்னொருத்திக்குக் கொடுக்கவில்லை. பத்து வருடம் கழித்து இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் அந்தச் சலுகையால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். இந்த யோசனை முதலில் உதித்ததே ஒரு உதவித்தொகைத் தேர்வை வைத்துத்தான். 1960இல் டொனால்ட் திசில்த்வெயிட், டொனால்ட் கேம்பெல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், அங்கே தேசிய அளவில் நடந்த ஒரு தகுதித் தேர்வில் கோட்டை ஒட்டி நின்ற மாணவர்களை ஒப்பிட்டார்கள். கோட்டைத் தாண்டிச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு வேறு உதவித்தொகைகளும் கூடுதலாகக் கிடைத்தன. ஆனால் மேலே படித்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. பேர் கிடைத்தவனைத் தேடிப் பணமும் போயிற்று, ஆசை மட்டும் அப்படியே இருந்தது. இன்று மருத்துவத்திலும் பொருளியலிலும் இந்த முறை இல்லாமல் வேலை நடக்காது.

இதே முறையில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற ஆறு அரசுப் பள்ளிகளை ஆராய்ந்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. மயிரிழையில் இடம் கிடைத்தவர்களும் மயிரிழையில் தவறவிட்டவர்களும் பிற்பாடு எழுதிய தேர்வுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வாங்கினார்கள். பெற்றோர் உயிரைக் கொடுத்துத் துரத்திய அந்த இடம், கோட்டருகே நின்ற பிள்ளையின் மதிப்பெண்ணை அவ்வளவாகக் கூட்டவில்லை.

இதை அப்படியே தூத்துக்குடிக்கு இறக்குமதி செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. அங்கே இடம் கிடைக்காதவன் இன்னொரு நல்ல பள்ளிக்குப் போகிறான். இங்கே என்.எம்.எம்.எஸ். கைதவறிப் போகிற வீட்டில் 48,000 ரூபாய் போகிறது. பள்ளிச் செலவுக்கு அது பெரிய பணம். அந்தத் திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கமே எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதைத் தடுப்பதுதான். எனக்கு இடறுவது இங்கேதான். படிப்பை நிறுத்திவிட்டு உப்பளத்துக்கோ படகுக்கோ போய்விடக்கூடிய பிள்ளை, 180 கேள்வியில் முதல் வரிசையில் வருகிற பிள்ளையாக இருப்பது குறைவு. நோயாளியைக் காப்பாற்ற வைத்த மருந்தை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவனுக்குக் கொடுப்பதற்கு ‘திறன்’ என்று பேர் வைத்திருக்கிறோம்.

தேர்வுக்கே வராதவர்களையும் எண்ண வேண்டும். ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் பெற்றோரோ ஆசிரியரோ பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டும் தனித்திறன் சோதனைக்கு அனுப்பிவந்தார்கள். 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதற்கட்டச் சோதனை என்று மாற்றினார்கள். தேவையான மதிப்பெண்ணைக் குறைக்கவே இல்லை. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ இருவரும் ஆராய்ந்து 2016இல் எழுதியபடி, ஏழைக் குடும்பப் பிள்ளைகள் தேர்வான விகிதம் கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. அந்தப் பிள்ளைகள் முன்பும் அங்கேயே இருந்தவர்கள்தான், யார் கண்ணிலும் படவில்லை. பிறகு பணமில்லை என்று எல்லோருக்குமான சோதனையைக் குறைத்ததும் பழைய நிலைக்கே போயிற்று.

நம் ஊரில் அதற்குச் சமமான இடம் தலைமையாசிரியரின் மேசை. என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு முழுவதையும் எழுதவைப்பார்கள், மாலையில் பழைய வினாத்தாளைப் போட்டுப் பழக்குவார்கள். 3, 6, 11, 18, 27 என்ற வரிசையில் அடுத்தது என்ன என்று ஒருமுறைகூடப் பார்த்திராத பிள்ளை தேர்வறையில் திகைத்து நிற்பாள். வித்தியாசம் 3, 5, 7, 9 என்று ஏறுவதை ஒருமுறை கண்டுகொண்டவள் பத்து விநாடியில் 38 என்று நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவாள். இன்னொரு பள்ளியில் ‘நல்லாப் படிக்கிற நாலு பேர் போதும்’ என்று முடித்துக்கொள்வார்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ.விடமும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டுமென்றால் அந்த நாலிலும் ஒன்று குறையும்.

கூலி என்றதும் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பு, கையில் காசில்லாதபோது ஒருமுறையும், பணம் வந்த பிறகு ஒருமுறையும் ஒரே வகையான வடிவப் புதிர்ச் சோதனை வைத்தார்கள். காசில்லாத காலத்தில் அதே மனிதர் குறைவாக வாங்கினார். 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த இந்த முடிவைப் பற்றிப் பின்னர் விவாதங்கள் எழுந்தன; அது சோதித்ததும் பெரியவர்களைத்தான், பிள்ளைகளை அல்ல. ஆனாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் வீட்டிலும், மழைக்காலத்தில் உப்பளத்தார் வீட்டிலும் மனக்கணக்கு எதில் ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

கோட்டருகே நிற்கும் பிள்ளையின் பெற்றோருக்கு இந்த அறிவியலில் கைக்கு உதவுகிற ஒன்று இருக்கிறது. அதிர்ஷ்டம் ஒருமுறை கைவிட்டால் அடுத்த முறையும் விட வேண்டும் என்று கட்டாயமில்லை. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ்.; கிராமமென்றால் ஒன்பதில் டிரஸ்ட்; அதற்கு மேல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, 2023இல் தொடங்கிய முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு: ஆயிரம் பேருக்கு, மாதம் 1,000 ரூபாய் வீதம் ஆண்டுக்குப் பத்து மாதம், பட்டப்படிப்புவரை. ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள பிள்ளை மூன்றையும் எழுதினால் மூன்றிலும் தவறுவதற்கு எட்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஒன்றில் தவறியதும் ‘இவளுக்கு இதெல்லாம் வராது’ என்று வீடு முடிவுகட்டிவிட்டால், மீதி இரண்டுக்கும் விண்ணப்பமே போகாது.