நகரப் பூங்காவில் இளவேனிலின் அடையாளங்கள்

வட இந்தியச் சமவெளியில் இளவேனிற் காலம் நெடுநாள் நீடிப்பதில்லை. டில்லி மாநகரில் பிப்ரவரி மாதத்தில் காலை மூடுபனி விலகத் தொடங்குகிறது. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் கோடையின் கடுமை வந்துவிடுகிறது. இடைப்பட்ட இச்சில வாரங்களில் மரங்கள் பழைய இலையை உதிர்த்துத் துளிர்க்கின்றன. பறவைகள் இணை தேடிக் கூடு கட்டுகின்றன. குளிர்கால விருந்தாளிகள் விடைபெறுகின்றன. இவற்றைக் காண வனம் செல்ல வேண்டுவதில்லை. 1936-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதும் சுமார் 90 ஏக்கர் பரப்புள்ளதுமான லோதி தோட்டம் போன்ற ஒரு நகரப் பூங்காவே போதுமானது.

மரங்கள் அளிக்கும் விருந்து

இலவ மரம் இளவேனிலைத் தொலைவிலிருந்தே அறிவிப்பது. இலையற்ற கிளைகளில் கையகலச் செம்மலர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மலர்கின்றன. ஒவ்வொரு மலரின் அடியிலும் தேன் நிறைந்திருக்கும். மைனா, காகம், கொண்டைக்குருவி முதலிய பறவைகள் அதனைப் பருக வருகின்றன. வரும்போது தலையிலும் மார்பிலும் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்தை அடைகிறது. அணில்களும் இவ்விருந்தில் பங்கு பெறும். தென்னாட்டு அணிலின் முதுகில் மூன்று கோடுகள் காணப்படும்; டில்லி அணிலுக்கோ ஐந்து கோடுகள் உண்டு. இதே நாட்களில் அரச மரம் செம்பு நிறத் தளிர்களை விடுகிறது. இளந்தளிரில் புழுக்கள் தோன்றுகின்றன. அப்புழுக்களே பல பறவைக் குஞ்சுகளின் முதல் உணவு.

குரலும் நிறமும்

மரத்தின் உச்சியிலிருந்து, கன்னான் செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போன்ற சீரான ஒலி கேட்குமாயின், அது செம்மார்புக் குக்குறுவானின் குரலாகும். பசுமை நிறமுள்ள இச்சிறு பறவை இலைகளிடையே எளிதில் புலப்படாது. வெயில் ஏறுந்தோறும் அதன் குரல் இடைவிடாது ஒலிக்கும். ஊதாத் தேன்சிட்டின் ஆண், குளிர்காலத்தில் பெட்டையைப் போன்றே மங்கிய நிறத்துடன், தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் பெற்றிருக்கும். இளவேனிலில் அதன் உடல் முழுதும் ஒளிரும் கருநீலமாக மாறுகிறது. குளிர்காலத்தில் பெரும்பாலும் மௌனமாயிருந்த குயிலும் மார்ச் மாதத்தில் கூவத் தொடங்குகிறது. கூவுவது கரிய நிறமுள்ள ஆண் குயிலே. பெண் குயில் தனக்கெனக் கூடு கட்டாமல் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதால், காகம் கூடு கட்டும் பருவத்தோடு குயிலின் பருவமும் பிணைந்துள்ளது.

சில அடையாளங்கள் வருகையால் அன்றிப் பிரிவால் அறியப்படும். புல்வெளியில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய வெள்ளை வாலாட்டி ஒருநாள் காணப்படாது. அது வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டது என்பது பொருள்.

இரு வேறு கடிகாரங்கள்

இவ்வுயிர்கள் யாவும் காலத்தை எவ்வாறு அறிகின்றன? டில்லியில் டிசம்பர் மாதப் பிற்பகுதியில் பகற்பொழுது சுமார் 10 மணி 20 நிமிடம். மார்ச் 21-ஆம் தேதியை ஒட்டி 12 மணிக்குச் சற்று மேற்படும். பகலின் இந்நீட்சியே பல பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகளை வளரத் தூண்டுகிறது. கனடா நாட்டு விஞ்ஞானி வில்லியம் ரோவன் 1920-களில் இதனைச் சோதித்தார். கடுங்குளிரில் வைக்கப்பட்ட பறவைகளுக்கு விளக்கொளியால் பகலை நீட்டியபோது, நடுக்குளிர்காலத்திலேயே அவ்வுறுப்புகள் வளர்ச்சியடைந்தன.

மரங்களும் பூச்சிகளும் வெப்பத்தையும் ஈரத்தையும் பெரிதும் சார்ந்தவை. பகலின் நீளம் ஆண்டுதோறும் மாறுவதில்லை, வெப்பமோ மாறுகிறது. 1901 முதல் உள்ள இந்திய வானிலைத் துறைப் பதிவுகளில், அதுவரை கண்ட மார்ச் மாதங்களுள் மிக அதிக சராசரிப் பகல் வெப்பம், ஏறத்தாழ 33.1 டிகிரி சென்டிகிரேடு, 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் பதிவாயிற்று. இவ்வாறு வெப்பம் முந்தும்போது தளிரும் புழுவும் முந்தக்கூடும். பகலொளியைக் கொண்டு நாள் குறிக்கும் பறவை அதே அளவுக்கு முந்த இயலாமற் போகலாம். நெதர்லாந்தின் காடுகளில் இது கண்கூடாக அறியப்பட்டது. அங்கு ஓக் மரத்துப் புழுக்கள் பெருகும் காலம் முந்திவிட, அவற்றை உண்ணும் சிறு பறவை வகையொன்றின் முட்டையிடும் காலம் அவ்வளவு முந்தவில்லை என 1998-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. பல ஆண்டுகள் தொடர்ந்து தேதி குறித்து வைத்திருந்ததாலேயே இவ்வேறுபாடு வெளிப்பட்டது.

குறிப்பேட்டின் பயன்

நம் நகரங்களில் அத்தகைய நெடுங்காலக் குறிப்புகள் அரியவை. அவற்றைத் தொடங்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் அரைமணி நேரம் கவனித்தால் போதும். முதல் மலர் விரிந்த நாள், குயிலின் முதற் குரல் கேட்ட நாள், வாலாட்டியை இறுதியாகக் கண்ட நாள் ஆகியவற்றைத் தேதியுடனும் இடத்துடனும் எழுத வேண்டும். எதுவும் காணாத நாளையும் தவறாது எழுதுதல் வேண்டும். “இன்னும் மலரவில்லை” என்ற குறிப்பின்றேல், முதல் மலரின் தேதியை நம்ப இயலாது.

அக்குறிப்பேட்டில் பட்ட கிளைகளுக்கும் ஓர் இடம் உண்டு. குக்குறுவான் அத்தகைய கிளையைக் குடைந்தே கூடு அமைக்கிறது. டில்லிப் பூங்காக்களில் வாழும் சாம்பல் நிற இருவாச்சிக்குக் குடையும் திறன் இல்லை. முதிய மரத்தின் பொந்து வேண்டும். பெட்டை அதனுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் சிறு இடுக்கின் வழியே பழங்களைக் கொணர்ந்து ஊட்டுகிறது. ஆதலின், வழிப்போக்கருக்கு அபாயம் விளைக்காத பட்ட கிளையை இளவேனிலில் வெட்டாதிருப்பது தோட்டப் பராமரிப்பாளர்க்கு எளிய செயல். பறவைக்கோ அவ்வாண்டின் குஞ்சுகள் முழுவதும் அதனைச் சார்ந்தவை.

ஓராண்டுக் குறிப்பு ஒரு செய்தி மட்டுமே. அதே மரத்தைப் பற்றிய பத்தாண்டுக் குறிப்பு, இளவேனில் எத்திசையில் நகர்கிறது என்பதற்குச் சான்றாகும்.