எலுமிச்சை இலையில் ஒரு பாடபேதம்

கடைத்தெருவில் எலுமிச்சம்பழம் பொறுக்குகிறவர்களைச் சற்று நின்று கவனித்தால், நிறம் பார்த்தும் விரலால் அழுத்திச் சாறு பார்த்தும் நிதானமாகத் தேர்ந்தெடுக்கிற அவர்களே, தோலில் பழுப்பாய்த் தடித்து நடுவில் குழிந்த வடுக்களுள்ள பழம் ஒன்று கையில் அகப்பட்டதும், எடுத்த வேகத்திலேயே அதைத் திரும்பக் கூடையில் போட்டுவிடுவதைக் காணலாம். அந்தப் பழத்தின் சாற்றில் குறையில்லை. உண்பவருக்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை. ஆயினும் முகத்தில் வடு விழுந்துவிட்ட காரணத்தால் அதற்கு விலை இறங்கிப் போகிறது. தோட்டக்காரர்கள் இதைச் சொறி நோய் என்கிறார்கள். நோயின் குணத்தை ஒரே சொல்லில் அடக்கிவிட்ட அந்தப் பெயரைக் காட்டிலும் பொருத்தமான பெயரை எந்தச் சாஸ்திரியும் இதுவரை சூட்டவில்லை.

நோய் கண்ட இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மிளகைவிடச் சிறிய புள்ளி; அது இலையின் மேற்புறமும் அடிப்புறமும் ஒருங்கே புடைத்திருக்கும்; தடவினால் தக்கையைப் போல் சொரசொரக்கும்; அதன் ஓரத்தில் எண்ணெய் கசிந்தாற்போன்ற ஒரு கோடும், அதைச் சுற்றி மஞ்சள் வட்டமும் தெரியும். இளம் புள்ளி ஒன்றை மெல்லிய சீவலாக அறுத்து, ஒரு சொட்டு நீரில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், அறுத்த விளிம்பிலிருந்து பால் கலங்கினாற்போல ஒரு வெண்புகை நீரில் பரவுவது தெரியும். அந்தப் புகை முழுவதும் லட்சக்கணக்கான பாக்டீரியாக் கிருமிகள். மழைத்துளி சிதறும்போது காற்றோடு போய், இலை சுவாசிக்கும் துளைகளின் வழியாகவோ, இலைத்துளைப்பான் புழு குடைந்த காயங்களின் வழியாகவோ இவை உள்ளே நுழைகின்றன. முதலில் இதைக் காளானின் வேலையென்றே எண்ணியிருந்தார்கள். அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கிளாரா ஹாஸ் என்னும் அம்மையார்தாம், இது பாக்டீரியாவின் வேலை என்று 1915இல் நிலைநாட்டியவர். அவர் அன்று வைத்த பெயர் பிறகு மாறிப்போய், இன்று அக்கிருமி சாந்தோமோனாஸ் சிட்ரை என்று வழங்குகிறது.

பெயர் ஒன்றாயினும் கிருமி ஒன்றல்ல. ஆசியாவில் தோன்றி உலகெங்கும் பரவிய முதல் வம்சத்தை 'ஏ' வகை என்கிறார்கள். அது சாத்துக்குடி, கிரேப்ஃப்ரூட், எலுமிச்சை என்று பாராமல் அநேகமாக இக்குடும்பத்து மரங்கள் யாவற்றையும் தாக்கும். 1923இல் அர்ஜென்டினாவில், லெமன் எனப்படும் பெரிய எலுமிச்சையில் முக்கியமாகக் காணப்பட்டது 'பி' வகை. 1963இல் பிரேசிலின் சாவோ பாவுலோ ராஜ்யத்தில் மெக்ஸிகோ லைம் மரங்களில் கண்டது 'சி' வகை. மெக்ஸிகோ லைம் என்று அவர்கள் சொல்வது வேறொன்றுமன்று, நம் ஊறுகாய் ஜாடிக்குள் இருக்கும் எலுமிச்சையேதான். இவையன்றி, 'ஏ' வம்சத்திலேயே பிறந்தும் எலுமிச்சையை மட்டும் விரும்பித் தொடுகிற இரண்டு கிளைகள் உண்டு. இலையை மட்டும் பார்க்கிறவனுக்கு இவ்வளவும் ஒரே சொறிதான்.

கண்ணை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்ததே போதும். சுமார் 1910இல் ஜப்பானிலிருந்து வந்த நாற்றுகளோடு அங்கே புகுந்த சொறி நோயை, மரங்களை வெட்டியும் எரித்தும் 1933இல் முற்றிலும் ஒழித்துவிட்டதாகப் பெருமிதம் கொண்டிருந்தார்கள். 1984இல் நாற்றுப் பண்ணைகளில் மீண்டும் புள்ளிகள் தோன்றின. புடைக்காமல் தட்டையாக இருந்த அப்புள்ளிகளைக் கண்டு சந்தேகித்தவர்கள் இல்லாமலில்லை. ஆயினும் பழைய பயம் யாரை விட்டது? புதுவகைச் சொறி என்று தீர்மானித்து, அடுத்து வந்த ஆண்டுகளில் சுமார் 2 கோடி நாற்றுகளை அழித்தார்கள். பிறகு டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோதல்லவா அது சொறிக் கிருமியின் நேர் வம்சமே அல்ல, வளர்ந்த மரத்துக்குப் பெரிய தொல்லை தராத வேறொரு பங்காளி என்பது துலங்கிற்று! இன்று அதைப் புள்ளி நோய் என்று தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். எரிந்த நாற்றுகள் எரிந்தவைதாம்.

இத்தகைய வேற்றுமைகளை எவ்வாறு கண்டறிகிறார்கள் என்பதைச் சொல்ல, நம் ஏட்டுச்சுவடிகளை விடச் சிறந்த உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே நூலின் பத்துச் சுவடிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்காரும் பதிப்பாசிரியர், இந்த ஏட்டில் விட்டுப்போன சீர் அந்த ஏட்டிலும் விட்டுப்போயிருப்பதைக் கண்டு, இவ்விரண்டும் ஒரே தாயேட்டிலிருந்து பெயர்த்தெழுதியவை என்று துணிவாரல்லவா? கிருமியும் ஒன்று இரண்டாகப் பிளவுபடும் ஒவ்வொரு தடவையும் டி.என்.ஏ. என்னும் தன் ஏட்டை முழுவதும் பெயர்த்தெழுதுகிறது. சுமார் 52 லட்சம் எழுத்துகளைக் கொண்ட அந்த ஏட்டைப் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் 2002இல் முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். அதிலே ஒரே சொல் அடுத்தடுத்துப் பலமுறை வரும் இடங்கள் சில உண்டு. தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறவன் அத்தகைய இடங்களில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவதைப் போலக் கிருமியும் தடுமாறுகிறது. அத்தடுமாற்றங்களை எண்ணிப் பார்த்தே எந்தத் தோட்டத்துக் கிருமிக்கு எந்தத் தோட்டத்துக் கிருமி உறவு என்று வம்சாவளி வரைகிறார்கள்.

இப்பாடபேதங்கள் வெறும் எழுத்துப் பிழையோடு நின்றுவிடுவதில்லை. 2000ஆம் ஆண்டில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் வட்டாரத்தில் எலுமிச்சை மரங்களை மட்டும் தாக்கி, பக்கத்திலிருந்த கிரேப்ஃப்ரூட்டை ஒன்றும் செய்யாத ஒரு கிளையைக் கண்டார்கள். ஒப்பிட்டபோது அது இந்தியாவில் கிடைத்த கிருமிகளை ஒத்திருந்தது. அது கிரேப்ஃப்ரூட்டை விட்டுவைத்ததற்குக் கருணை காரணமன்று. அக்கிருமியிடம் அதிகப்படியாக உள்ள ஒரு மரபணுவின் புரதத்தை அம்மரம் அடையாளம் கண்டுகொண்டு, கிருமி நுழைந்த இடத்திலுள்ள தன் செல்களைத் தானே மாய்த்து வழியை அடைத்துவிடுகிறது. அந்த மரபணுவை மட்டும் நீக்கிவிட்டால், சற்று மெலிந்த அளவிலேனும், கிரேப்ஃப்ரூட்டிலும் சொறி கண்டுவிடுகிறது. ஆயுதம் ஒன்று கூடியிருப்பதே கள்வனைக் காட்டிக்கொடுக்கிறது என்னும் இவ்விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது.

இத்தனை பேதங்களுக்கும் ஊடே மாறாத ஒன்றும் உண்டு. 'ஏ'யோ 'பி'யோ 'சி'யோ, சொறியை உண்டாக்குகிற எல்லாக் கிளைகளிடமும், 34 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு தொடர் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருகிற புரதம் ஒன்று இருக்கிறது. பெயர் பெற்ற ஒரு வகையில் அது பதினேழரைத் தடவை வருகிறது. கிருமி இதைச் செல்லுக்குள் செலுத்த, இது நேரே உட்கருவுக்குப் போய், மரத்தின் ஏட்டில் தனக்குரிய இடத்தைத் தேடி ஒட்டிக்கொண்டு, உறங்கிக்கிடந்த ஒரு மரபணுவை எழுப்பிவிடுகிறது. உடனே செல்கள் பெருத்தும் பெருகியும் தோலைப் பிளந்துகொண்டு வெளிவருகின்றன. நாம் தடவிப் பார்த்த சொரசொரப்பு அதுதான். வெவ்வேறு கிளைகளின் சாவிகள் வெவ்வேறு வடிவாயினும் அவை திறப்பது ஒரே பூட்டை என்பது 2014இல் தெளிவாயிற்று. அந்தப் பூட்டையே சற்று மாற்றியமைத்து, நோய்க்கு எளிதில் இணங்காத கிரேப்ஃப்ரூட், ஆரஞ்சுச் செடிகளைச் சோதனைச்சாலையில் உருவாக்கியும் இருக்கிறார்கள்.

வம்சாவளி என்று வந்தபின் பூர்வீகம் கேளாமல் இருக்க முடியுமா? லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் பாடம் செய்து வைத்திருந்த பழைய இலைகளை 1930களில் புரட்டிப் பார்த்தவர்கள், 1827க்கும் 1831க்கும் இடையே இந்தியாவில் சேகரித்த ஓர் இலையிலும், 1840களில் ஜாவாவில் சேகரித்த ஓர் இலையிலும் சொறி வடுவைக் கண்டார்கள். அன்று வடுவைத்தான் காண முடிந்தது. அண்மையில் பிரெஞ்சு ஆய்வாளர்கள், 1937இல் மொரீஷியஸில் பறித்து உலர்த்திவைத்திருந்த இலையொன்றின் வடுவிலிருந்து, துணுக்குத் துணுக்காகச் சிதைந்து கிடந்த டி.என்.ஏ.வைத் திரட்டி, செல்லரித்த சுவடியை ஒட்டுப்போடுகிறவனைப் போலச் சேர்த்து, அக்கிருமியின் ஏட்டை ஏறக்குறைய முழுமையாகவே மீட்டு 2021இல் வெளியிட்டார்கள். இன்றைய கிருமிகளோடு அதை ஒப்பிட்டுக் கணக்கிட்டதில், தென்மேற்கு இந்து மகா சமுத்திரத் தீவுகளுக்குள் இந்நோய் புகுந்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று தெரிந்தது.

அக்காலம் நமக்குத் தெரியாத காலமன்று. அடிமை முறை ஒழிந்ததையொட்டி, 1834 தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கென்று ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து மொரீஷியஸுக்குக் கப்பல் கப்பலாக மக்கள் போனார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழர்களும் அவர்களுள் உண்டு. அக்குடியேற்றத்தோடு போன செடிகளிலோ பழங்களிலோ கிருமியும் கடல் கடந்திருக்கலாம் என்பது அவ்வாய்வாளர்களின் ஊகம். எந்தக் கப்பல், எவருடைய மூட்டை என்று சொல்ல எந்த ஏடும் இல்லை. நோய்க்கும் திருஷ்டிக்கும் பூஜைக்கும் எலுமிச்சையை நாடுகிற ஒருவர், அறியாத தேசத்துக்குப் புறப்படும்போது முந்தானையிலோ துணி மூட்டையிலோ இரண்டு பழங்களை முடிந்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வது என் சொந்தக் கற்பனையே; அவற்றுள் ஒன்றின் தோலில் மிளகளவு வடு இருந்திருந்தால், அதைப் பார்த்து எறிந்துவிடக்கூடிய மனநிலையில் அன்று அவர் இருந்திருக்க மாட்டார்.