தரவுத்தளமும் கமக்காரரும்

விபரங்களை ஒழுங்குபடுத்திக் கணினியிற் பதிந்து வைத்த இடாப்பே தரவுத்தளம் எனப்படும். வங்கிக் கணக்குகளும் கைத்தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியலும் இத்தகையனவே.

தரவுத்தளத்தில் விபரங்கள் அட்டவணைகளாக அமையும். ஒரு நிரை ஒருவருக்குரிய பதிவாகும். பெயர், விலாசம் முதலிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் உண்டு. கமக்காரருக்கு ஓர் அட்டவணையும் வயல்களுக்கு இன்னோர் அட்டவணையும் இருப்பின், வயல் அட்டவணையில் உரியவரின் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் குறித்தாற் போதும். விலாசம் மாறினால் ஓரிடத்தில் மட்டும் திருத்தலாம். இவ்வாறு அட்டவணைகளைத் தொடர்புபடுத்தும் முறையை எட்கார் கொட் என்னும் அறிஞர் 1970 இல் வெளியிட்டார்.

ஓர் ஊரில் கந்தையா என்னும் பெயருடையோர் மூவர் இருக்கலாம். ஆகவே, ஒருவருக்கே உரிய இலக்கத்தைக் கொண்டே கணினி ஆளை அறியும். இவ்விலக்கம் முதன்மைச் சாவி எனப்படும். இதிற் பிழை நேரின், ஒருவருக்குரிய பசளை மானியம் மற்றொருவர் பெயரிற் சேர இடமுண்டு.

பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் 9 எண்களும் ஓர் எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படும் புதியது 12 எண்கள் கொண்டது. ஓரிடத்திற் பழையதையும் வேறோரிடத்திற் புதியதையும் கொடுத்தால், ஒருவரே இருவராகப் பதியப்படக்கூடும்.

எனவே கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. எங்கும் ஒரே இலக்கத்தைக் கொடுத்தல்.
2. பதிவை வாசித்துச் சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுதல்.
3. காணி கைமாறினால் தாமதியாது அறிவித்தல்.