தனியாக ஆடும் ஆட்டம்

வீடியோ விளையாட்டு என்றால் பலர் கூடிப் போட்டியிடுவது என்றுதான் என் தோழியர் பலரும் எண்ணுகின்றனர். ஒருவரே ஆடும் விளையாட்டுகள்தாம் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால், "தோற்றுப் போகப் பயமா?" என்று கேட்கின்றனர். அக்கேள்வி என்னைச் சற்று உறுத்தியது. ஆகவே இதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் இருவர் ஆடும் ஆட்டங்களே புகழ்பெற்றன. 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்தில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும். அதில் கணிப்பொறி எதிராளியாக நின்று ஆடாது. எதிரே ஒரு மனிதர் தேவைப்பட்டார். 1972-ல் வந்த 'பாங்' ஆட்டமும் இருவருக்கானதே. பின்னர் நிலைமை மாறியது. 1978-ல் ஜப்பானியர் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில், எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவர்கள் விரைந்து வருவார்கள். இது முதலில் திட்டமிட்டதன்று! வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரம் வேகம் பெற்றது; அவரும் அதை அப்படியே விட்டுவிட்டார். 1980-ல் வந்த 'பேக்மேன்' ஆட்டத்தின் நான்கு பேய்களுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. சிவப்புப் பேய் நேரே துரத்தும்; இளஞ்சிவப்புப் பேயோ நாம் போகும் வழியை முன்சென்று மறிக்கப் பார்க்கும்.

போட்டி ஆட்டங்களின் கணக்கு வேறு. பப்ஜியில் 100 பேர் தனித்தனியே இறங்கினால், ஒருவர் வெல்ல 99 பேர் தோற்க வேண்டும். மற்றொரு கணக்கும் உண்டு. சதுரங்க வீரர்களைத் தரப்படுத்த ஆர்பாட் ஈலோ வகுத்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ல் ஏற்றது. இன்று பல போட்டி விளையாட்டுகள் அதைப் போன்ற முறையால் நமக்குச் சமமானவரையே எதிரில் நிறுத்துகின்றன. நாம் தேறினால் வருபவரும் தேறியவராகவே வருவார். எவ்வளவு பழகினாலும் ஏறத்தாழப் பாதி ஆட்டம் தோல்விதான். தனி ஆட்டத்திலோ, நேற்று தாண்ட முடியாத பள்ளம் இன்றும் அதே அகலத்தில் இருக்கும். தாண்டினால் நாம் வளர்ந்திருக்கிறோம் என்று தெரியும்.

சென்ற ஆண்டு அண்ணனின் நால்வர் அணியில் நானும் ஆடினேன். பெண் குரல் கேட்டதும் முன்பின் அறியாத ஒருவன் பேசிய சொற்களை இங்கு எழுத இயலாது. ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஆடினேன். அப்போது ஜெபமாலைக்கு அம்மா அழைத்தார்கள். போட்டியை நடுவில் நிறுத்த வழியில்லை. நான் எழுந்து போனேன், அணி தோற்றது. அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது.

இப்போது நான் ஆடுவது 'ஸ்டார்டியூ வேலி'. 2016-ல் வெளிவந்த இதை எரிக் பரோன் என்ற ஒருவரே நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, படம், இசை, கதை யாவும் தாமே செய்து முடித்தார். பின்னாளில் பலர் சேர்ந்து ஆடவும் வசதி வந்தது. நான் தனியாகவே ஆடுகிறேன். பாழ்நிலத்தைத் திருத்திப் பயிரிட வேண்டும். சுரங்கத்தில் பத்துப் பன்னிரண்டு முறை மயங்கி விழுந்து பொருள்களை இழந்திருக்கிறேன். அதுவும் தோல்விதானே? அதற்கு நான் பயப்படவில்லை. அந்தக் குரலுக்குத்தான் பயந்தேன். அம்மா அழைத்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது என் உழவன் அதே இடத்தில் நிற்கிறான்.

இதை அம்மாச்சியிடம் சொன்னேன். பல்லாங்குழியிலும் ஒருவரே ஆடும் சீதைப்பாண்டி உண்டாம். அசோகவனத்தில் சீதை ஆடியதாகச் சொல்வார்களாம். மறுநாளே பரணிலிருந்து பலகையை இறக்கிக் கொடுத்தார்கள். சோழிகளில் மூன்றைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.