செம்பு கரைந்த ஆறா?

குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கி எழுந்ததும் ஆச்சி ஒரு செம்பு ஆற்றுத் தண்ணீரை மொண்டு கையில் தருவாள். "குடிச்சுப் பாருல, செம்பு கரஞ்ச தண்ணி. அதாம் தாமிரபரணின்னு பேரு." இந்தப் பேச்சைக் கேட்காமல் திருநெல்வேலியில் வளர்ந்தவர்கள் குறைவு.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் சேதி வேறு. வடமொழியில் 'தாம்ர' செம்பையும் செந்நிறத்தையும் குறிக்கும். 'பர்ண' என்றால் இலை. செவ்விலை என்பதுதான் நேர்ப்பொருள். தண்ணீருக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. 'பர்ணி' நம் நாவில் 'பரணி' ஆயிற்று; பரணி நட்சத்திரத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது.

இதே பெயர் கடலுக்கு அப்பாலும் உண்டு. அசோகர் கல்வெட்டில் வரும் 'தம்பபம்ணி' இலங்கை என்றே அறிஞர்கள் பலரும் கொள்கிறார்கள். கிரேக்கர்கள் அந்தத் தீவைத் 'தப்ரபேன்' என்றார்கள். இரு கரைக்கும் நடுவே முத்துக் குளித்த மன்னார் வளைகுடா. முத்து வகைகளை அடுக்கும் அர்த்தசாஸ்திரம் 'தாம்ரபர்ணிக' என்று ஒன்றையும் சொல்கிறது. அந்த முத்து ஏறி இறங்கிய கொற்கை, அன்று இந்த ஆற்றின் கழிமுகத் துறைமுகம். இன்று கடல் விலகிப்போய், வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூர்.

தமிழ்ப் பெயர் பொருநை. சீதையைத் தேடி வானரர்கள் தெற்கே போகும் வழியில் வால்மீகி தாம்ரபர்ணியைச் சொல்கிறார். அதே இடத்தில் கம்பர் எழுதுவது பொருநை. எதிரே வடமொழிப் பெயர் இருந்தும், தன் மக்கள் வழங்கிய பெயரை எடுத்தாரே, அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நிறைகிறது. இந்த ஆற்றின் கரையில், குருகூரில் பிறந்த நம்மாழ்வார் வாக்கில் அது 'பொருநல்'. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சங்கப் பாடல்களில் வரும் ஆன்பொருநை, கரூரை ஒட்டி ஓடும் அமராவதி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதே ஆற்றுப் படுகையைச் சேர்ந்த சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் 3,200 ஆண்டுப் பழமையானது என்று 2021-ல் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, பொருநை என்ற பெயர்தான் ஒலித்தது. நூல்களுக்குள் இருந்த பெயர் ஊர்ப்பேச்சிலும் பரவ அது ஒரு காரணமாயிற்று.

அடுத்த முறை பிள்ளைகளோடு படித்துறையில் இறங்கினால், செம்புக் கதையைச் சொல்லுங்கள். ஆச்சிமார் சொன்னது அது. கூடவே பொருநை என்ற பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.