வேலைநிறுத்தமும் அதன் எல்லையும்

நான் சிறுவனாக இருந்தபோது, ஆலைத் தொழிலாளர் நிறைந்த ஒரு தெருவில் எங்கள் வீடு இருந்தது. ஒரு முறை ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. முதல் வாரத்தில் தெருவே திருவிழாக் கோலம் கொண்டிருந்தது. இரண்டாம் வாரத்தில் மளிகைக் கடைக்காரர் பழைய பாக்கியை நினைவூட்டத் தொடங்கினார். மூன்றாம் வாரத்தில் வீடுதோறும் பித்தளைக் குடங்கள் அடகுக் கடைக்குப் புறப்பட்டன. வேலைநிறுத்தம் முதலாளிக்கு நட்டம் விளைவிக்கும் முன்னர்த் தொழிலாளியின் அடுப்பைத்தான் அணைக்கிறது என்பதை அன்று கண்டேன். ஆகவே, அதைச் சோம்பலின் விளைவு என்று எவரேனும் கூறினால் என்னால் ஏற்க இயலுவதில்லை. அதே சமயம், அதற்கு எல்லையே வேண்டுவதில்லை என்பாரோடும் நான் உடன்படுவதில்லை. இவ்விரண்டு எண்ணங்களும் எவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதையே மாணவ நண்பர்களாகிய உங்களுடன் இன்று ஆராய விரும்புகிறேன்.

முதலில், சங்கம் எதற்காக? சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு நண்பகல் உணவுக்கு அரை மணி நேரமே கிடைத்து வந்தது. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்து, கை கழுவி, உண்டு, மீள்வதற்கு அது போதவில்லை. தனியொருவன் இதைச் சொல்லியிருந்தால், மறுநாளே அவனுக்கு வேலை இராது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, திரு. வி. கலியாணசுந்தரனார் அதன் தூண்களுள் ஒருவராக நின்றார். தனிக் குரலுக்கு இல்லாத மதிப்பு கூட்டுக் குரலுக்கு உண்டு. சங்கத்தின் ஆற்றல் இவ்வளவே; ஆனால் இது சிறிய ஆற்றல் அன்று.

அக்காலச் சட்டமோ அந்த ஆற்றலைக் குற்றமாகக் கருத இடந்தந்தது. வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று வாடியா முதலிய தலைவர்கள்மீது ஆலை நிருவாகம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றது. இவ்வழக்கு நாடெங்கும் சிந்தனையைத் தூண்டியது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், பதிவு பெற்ற சங்கத்தினருக்கு இத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்பு அளித்தது.

சங்கம் பிறந்த அதே 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அகமதாபாத்தில் வேறொரு பாடம் நடந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் அளித்துவந்த மிகையூதியத்தை ஆலை முதலாளிகள் நிறுத்த முற்பட்டனர். தொழிலாளர் 50 விழுக்காடு கூலி உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 விழுக்காடு தர இசைந்தனர். காந்தியடிகள் கணக்குகளை ஆராய்ந்து, 35 விழுக்காடே நியாயம் என்று கண்டார். போராட்டத்துக்கு முன்னரே தம் பக்கத்தாரின் கோரிக்கையைக் குறைத்துக்கொள்ளச் செய்தார்! பின்னர் நான்கு விதிகளை வகுத்தார்: வன்முறை கூடாது, வேலைக்குச் செல்பவனைத் துன்புறுத்தக் கூடாது, பிறர் பிச்சையை நம்பக் கூடாது, எத்தனை நாள் நீடித்தாலும் நேர்மையான வேறு உழைப்பால் வாழ்ந்து உறுதியாக நிற்க வேண்டும். அவ்வாறே பலர் ஆசிரமத்து நெசவுக்கூடம் கட்டுவதற்குக் கூடை கூடையாக மணல் சுமந்தனர். முதலாளிகளின் தலைவராகிய அம்பாலால் சாராபாயின் உடன்பிறந்தாள் அனசூயா, தொழிலாளர் பக்கம் நின்றார். இறுதியில் வழக்கு நடுவரிடம் சென்றது. 35 விழுக்காடே தீர்ப்பாயிற்று.

தொழிலாளர் மனம் தளர்ந்தபோது காந்தியடிகள் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். நண்பர்களாகிய முதலாளிகளை அது நெருக்கடிக்கு ஆளாக்கியதால், அதில் குறை இருந்ததென்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். நியாயமான போராட்டத்திலும் வற்புறுத்தலின் எல்லையைத் தம்மையே நோக்கிக் கேட்ட அந்த நேர்மையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தை 1921-இல் சென்னை கண்டது. அதே ஆலைகளில் நீண்டதொரு வேலைநிறுத்தம் நடந்தது. வேலைக்குச் சென்றவர்களுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் இடையே எழுந்த பிணக்கு சாதிப் பூசலாக மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. போராட்டம் தோல்வியில் முடிந்தது. தொழிலாளி தொழிலாளிக்கே பகைவனாகும்போது, சங்கத்தின் உயிராகிய ஒற்றுமையே அழிகிறது. ஆகவே முதல் எல்லையைச் சட்டம் இடுவதில்லை. சங்கமே தனக்கு இட்டுக்கொள்கிறது.

இரண்டாவது எல்லை பொதுமக்களைப் பற்றியது. துணியாலை பத்து நாள் நின்றால் துணி தாமதமாகும். குடிநீர் பத்து நாள் நின்றால் ஊர் என்னாகும்? இதை எண்ணியே 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், பொதுப் பயன்பாட்டுப் பணிகளில் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வதைத் தடுத்தது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, இம்முன்னறிவிப்பை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துள்ளது. சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை. ஆனால் வேலைநிறுத்தம் அவ்வுரிமைக்குள் தானாக அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1961-இலேயே கூறியது.

இத்தகைய எல்லை நியாயமானதா என்பதை அறிய நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். முதலாவது, இது இருவருக்கும் பொதுவானதா? மேற்சொன்ன சட்டங்கள் வேலைநிறுத்தத்துக்கு விதித்த முன்னறிவிப்பை முதலாளியின் கதவடைப்புக்கும் விதித்தன, அது முறை. இரண்டாவது, போராடாதே என்று சொல்லும் அரசு, முறையீட்டைக் கேட்க விரைவான வழியைத் திறந்து வைத்திருக்கிறதா? மருத்துவமனைச் செவிலியைப் பார்த்து, ‘நோயாளியை விட்டு நீங்காதே’ என்று நாம் சொல்லலாம். அப்படிச் சொல்லும் நாமே, அவருடைய குறை ஆண்டுக்கணக்கில் கோப்புகளில் உறங்காமல் பார்த்துக்கொள்ளவும் கடமைப்பட்டவர்கள். கையைக் கட்டிவிட்டுக் காதையும் பொத்திக்கொண்டால், அந்த எல்லை நியாயம் ஆகாது.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் தொழிலாளராகவும், சிலர் நிருவாகிகளாகவும், சிலர் தீர்ப்பு வழங்குவோராகவும் அமர்வீர்கள். எங்கேனும் ஒரு வேலைநிறுத்தம் நடப்பதாகச் செய்தி படித்தால், அன்று பேருந்து வருமா என்று மட்டும் கேட்டுவிட்டு அமையாதீர்கள். அவர்கள் கேட்பது என்ன, கேட்க வேறு வழி இருந்ததா, யார் யாரைத் துன்புறுத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். எங்கள் தெருவிலிருந்து அடகுக்குச் சென்ற குடங்களுள் சில திரும்பி வரவேயில்லை. அவற்றை எடுத்துக் கொடுத்த தாய்மார்கள் விளையாட்டாக அதைச் செய்யவில்லை.