எல்லாக் களைப்பும் கீமோவின் களைப்பல்ல

கிணற்றில் இரண்டு வாளி அள்ளுவதற்குள் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. புற்றுநோய்க்கு மருந்தேற்றும் ஒருவர் இப்படிச் சொன்னால், "கீமோ எண்டால் அப்பிடித்தான், கொஞ்சம் படுங்கோ" என்கிறார்கள் வீட்டார். அன்பில் சொல்வதுதான். ஆனால் அந்தக் களைப்புக்குக் குருதிச்சோகை காரணமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு.

தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே 2011இல் ஆயிரக்கணக்கானோர் நடந்து திரட்டிய பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலையாமல் ஊரிலேயே கிளினிக் பார்க்கும் வசதி வந்துவிட்டது. களைப்பை அங்கே வாய்திறந்து சொல்லத்தான் பலர் தயங்குகிறார்கள்.

இரத்தம் ஏன் குறைகிறது?

ஈமோகுளோபின் டெசிலீற்றருக்குப் பெண்களில் 12 கிராமுக்கும் ஆண்களில் 13 கிராமுக்கும் கீழே போனால் குருதிச்சோகை. இரத்தம் உருவாகும் எலும்பு மச்சையைக் கீமோ தளர்த்துகிறது. குடலிலோ கருப்பை வாயிலோ உள்ள கட்டி சிறிது சிறிதாக இரத்தம் கசியவிடுகிறது. வாய்ப்புற்றுநோய் வந்தவருக்குச் சோறு விழுங்குவதே பாடு. இவற்றைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு: நோயின் அழற்சியால் ஈரல் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகம் சுரக்கிறது. அது உடலிலுள்ள இரும்பையே பூட்டிவைத்துவிடும். சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் பெரிற்றின் அளவு நன்றாக இருந்தும் மச்சைக்கு இரும்பு கிடைக்காது.

பீற்றூட்டும் குளிசையும்

பீற்றூட்டின் சிவப்பு இரத்தமாவதில்லை. மீன், முட்டை, ஈரல், முருங்கையிலை நல்லவை. ஆனால் கீமோக் காலத்துச் சோகையைச் சாப்பாடு மட்டும் தீர்க்காது. இரும்புக் குளிசையைப் பிளேன்ரீயோடு விழுங்கினால் பெரும்பகுதி வீண். அழற்சி மிகுந்தவருக்குக் குளிசை பலன் தராதபோது நாளம் வழியாக இரும்பு ஏற்றுவார்கள். கடையில் ரொனிக் வாங்கித் தாமாகக் குடிப்பது காரணத்தை மறைத்துவிடும்.

இரத்தம் ஏற்றுதல்

ஈமோகுளோபின் 7, 8க்குக் கீழே இறங்கும்போது, அல்லது மூச்சுத்திணறல் கடுமையாகும்போது இரத்தம் ஏற்றுவார்கள். ஒரு பை ஏறினால் சுமார் 1 கிராம் கூடும். ஏறத் தொடங்கிய முதல் கால்மணி நேரம் முக்கியம்: குளிர் நடுக்கம், சொறிச்சல், முதுகுநோ வந்தால் உடனே தாதியைக் கூப்பிட வேண்டும்.

இரத்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசி எல்லோருக்கும் உகந்ததல்ல. இரத்தக்கட்டி ஏற்படும் ஆபத்தைக் கூட்டும். சிலருக்குப் புற்றுக்கட்டி வளரவும் இடங்கொடுக்கலாம். நோயை முற்றாகக் குணமாக்கக் கீமோ கொடுக்கும்போது பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

அடுத்த கிளினிக் வரை காத்திராதீர்கள்

இரும்புக் குளிசை எடுப்பவருக்கு மலம் கறுப்பது வழமை. குளிசை எடுக்காமலே தார்போல் கறுத்துப் போனால், இளைப்பாறும்போதும் மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், மயக்கம் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை றிப்போட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.